சத்தம் போடாத மூன்றாம் வகுப்பு

கல்வி அலுவலகத்தின் பின்பக்கம், உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருக்கும் அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் அவருக்கு ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். கதவில் ‘கல்வி உளவியலாளர்’ என்று பலகை. பலகையைப் படித்துவிட்டு உள்ளே வருகிற பெற்றோரில் பாதிப் பேர் முதலில் சொல்வது ஒன்றுதான்: “எங்க பிள்ளைக்குப் பைத்தியமெல்லாம் கிடையாதுங்க.” அவரும் இருபத்தாறு வருடங்களாக ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: “எனக்கும் கிடையாது. உட்காருங்க.”

பதினான்கு பள்ளிக்கூடங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. கணக்கு ஏறாத பிள்ளை, எழுத்தைத் திருப்பிப்போட்டு எழுதும் பிள்ளை, நாற்காலியில் ஐந்து நிமிடம் தரிக்காத பிள்ளை என்று பள்ளிகளிலிருந்து படிவங்கள் வரும். சக்கரம் வைத்த கறுப்புப் பெட்டியை இழுத்துக்கொண்டு அவர் கிளம்பிவிடுவார். பெட்டிக்குள் சிவப்பும் வெள்ளையுமாக மரக்கட்டைகள், படம் போட்ட அட்டைகள், ஒரு ஸ்டாப் வாட்ச், நன்றாகச் சீவிய நான்கு பென்சில்கள். அட்டையில் இருக்கிற மாதிரியே கட்டைகளை அடுக்கச் சொல்லி, பிள்ளை எப்படி யோசிக்கிறது, எங்கே தடுமாறுகிறது, தடுமாறியபின் என்ன செய்கிறது என்று பார்ப்பார். அதனால் பிள்ளைகள் மத்தியில் அவருக்குக் ‘கட்டை டீச்சர்’ என்று பெயர் விழுந்தது. ஆளும் நாலே முக்கால் அடிதான் என்பதால் பெயர் இரண்டு வகையிலும் பொருந்திப்போனது. அவர் அதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டதே இல்லை.

பிள்ளைகளிடம் பொய் சொல்லக் கூடாது என்பதில் மட்டும் அவர் பிடிவாதக்காரர். அதற்குக் காரணம் இருந்தது. அவருக்குப் பத்து வயதில் அப்பா இறந்துபோனார். சின்னப் பிள்ளை தாங்காது என்று, அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார் என்று வீட்டில் சொல்லிவைத்தார்கள். அவர் அப்பாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். இரண்டு கடிதங்களுக்குப் பதில்கூட வந்தது. பன்னிரண்டாவது வயதில், பள்ளிக்கூடத்தில் யாரோ போகிறபோக்கில் உண்மையைச் சொன்ன பிறகுதான், அந்தப் பதில்களை எழுதியது அக்கா என்று தெரிந்தது. அக்காவுக்கு அப்போது பதினைந்து வயது. எழுதச் சொன்னவர்கள் பெரியவர்கள். இன்றைக்கு அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில், இரண்டாவது மாடியில் சேர்ந்து இருக்கிறார்கள். அக்கா தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தக் கடிதங்களைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் தங்கை ஏன் இந்த வேலைக்கு வந்தாள் என்று அக்காவிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, ஆற்றோரத்துப் பள்ளியின் தலைமையாசிரியையிடமிருந்து தொலைபேசி வந்தது. மூன்றாம் வகுப்பு டீச்சர் முந்தைய நாள் மத்தியானம் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் இறந்துவிட்டார். வயது நாற்பத்தி ஒன்று. பிள்ளைகளிடம் டீச்சர் லீவு என்று சொல்லிவைத்திருப்பதாகவும், அப்படியே ஒரு வாரம் ஓட்டிவிடலாமா என்றும் தலைமையாசிரியை கேட்டார். கட்டை டீச்சர் அரை மணி நேரத்தில் அங்கே இருந்தார்.

வகுப்பில் முப்பத்து நான்கு பிள்ளைகள். அவர் கரும்பலகைக்கு முன்னால் ஒரு சின்ன நாற்காலியைப் போட்டு, பிள்ளைகளின் கண் மட்டத்துக்கு உட்கார்ந்துகொண்டார். சாமிகிட்டப் போயிட்டாங்க, தூங்கிட்டாங்க என்ற பேச்செல்லாம் இல்லை. டீச்சர் இறந்துட்டாங்க, இனிமே வர மாட்டாங்க என்று நேராகச் சொன்னார். இதற்கு யாரும் காரணம் இல்லை, நீங்கள் யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை என்றும் சொன்னார். சில பிள்ளைகள் அழுதார்கள். சிலர் பென்சிலைக் கடித்தார்கள். எப்படி இறந்தார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டது.

“தலைக்குள்ள ஒரு ரத்தக்குழாய் வெடிச்சிடுச்சு,” என்றார் அவர்.

வகுப்பு அடங்கிப்போனது. அதுவரை விசும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். துக்கம் இப்போதுதான் உறைக்கிறது போலிருக்கிறது என்று அவர் நினைத்தார். இன்னும் அரை மணி நேரம் கூடவே இருந்தார். டீச்சரைப் பற்றி ஞாபகம் இருப்பதைப் படமாக வரையச் சொன்னார். அடுத்த வாரம் மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் அவரால் வர முடியவில்லை. வேறொரு பள்ளியில் ஒரு மாணவி படிகளில் விழுந்து பேச்சு வராமல் போயிருந்தாள். அந்த வேலை அவரை இழுத்துக்கொண்டது. தொலைபேசியில் விசாரித்தார். “தங்கமான பிள்ளைங்க. சத்தமே இல்லை. புது டீச்சருக்கு ஒரு கஷ்டமும் வைக்கலை,” என்றார் தலைமையாசிரியை. கேட்டதும் அவருக்கு மனசு லேசானது. பிறகு அந்த வகுப்பு அவர் நினைவில் பின்னுக்குப் போய்விட்டது.

ஐந்து வாரம் கழித்து அந்தப் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்தது. புது டீச்சர் எழுதியிருந்தார். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி மந்தமாக இருக்கிறாள், கேள்வி கேட்டால் பதில் சொல்வதில்லை, வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் உதடு மட்டும் அசைகிறது, சோதித்துப் பார்க்கவும் என்று.

சோதனைக்கு முன்னால் பெற்றோரைப் பார்ப்பது வழக்கம். அந்தப் பெண்ணின் அம்மா தையற்கூடத்தில் வேலை பார்ப்பவர்; சாப்பாட்டு நேரத்தில் தோளில் அளவு நாடாவோடு வந்தார். படிவத்தைப் படித்துக் காட்டியதும் அவர் முகம் மாறிவிட்டது.

“மந்தமா? இவளா? இவளுக்கு ரேடியோன்னு பேர் வெச்சதே செத்துப்போன அந்த டீச்சர்தாங்க. வாய் மூடாது. தூக்கத்துலகூடப் பேசுவா.”

இப்போது எப்படி என்று கேட்டார் கட்டை டீச்சர். அம்மா கொஞ்சம் யோசித்தார். இப்போதெல்லாம் வீட்டிலும் சத்தம் இல்லை, கதவைக்கூடக் கையை முட்டுக் கொடுத்து மெல்லச் சாத்துகிறாள், மாடிப்படியில் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏறுகிறாள் என்றார். பெரியவள் ஆகிறாள், பொறுப்பு வருகிறது என்று முதலில் சந்தோஷப்பட்டாராம். சொல்லிக்கொண்டே வந்தவர், தான் சொன்னதைத் தானே கேட்டது போல நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் பள்ளியில் நூலக அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். ரேடியோ வந்து உட்கார்ந்தாள். எட்டு வயதுக்குச் சின்ன உருவம், முன்பல் ஒன்று பாதி முளைத்திருந்தது. முதல் அட்டையைக் காட்டியதும் கண்கள் சுறுசுறுப்பாக ஓடின. தப்பு இல்லாமல் அடுக்கினாள். ஆனால் நேரம் ஆனது. ஒவ்வொரு கட்டையையும் மேசையில் வைக்கும் முன் இடது உள்ளங்கையை அடியில் கொடுத்து, அதன்மேல் இறக்கி, பிறகு விரல்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டாள். கட்டை மேசையைத் தொடும் சத்தமே கேட்கவில்லை. ஸ்டாப் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. நேரத்தை மட்டும் குறித்திருந்தால் மந்தம் என்றுதான் தாளில் வந்திருக்கும்.

அவர் ஸ்டாப் வாட்சை நிறுத்திப் பெட்டிக்குள் வைத்தார்.

“கட்டையை ஏன் இவ்வளவு மெதுவா வைக்கிறே?”

ரேடியோ கதவைப் பார்த்தாள். பிறகு மேசைமேல் கவிழ்ந்து, காற்று மட்டும் வருகிற குரலில் சொன்னாள்: “சத்தம் வந்தா புது டீச்சருக்கும் தலை வெடிச்சிடும்.”

கொஞ்சம் கொஞ்சமாக மீதியும் வந்தது. டீச்சர் இறப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமை கடைசி மணியில் வகுப்பு சந்தைக்கடை மாதிரி இருந்ததாம். டீச்சர் மேசையைத் தட்டி, “நீங்க போடற சத்தத்துல என் தலையே வெடிச்சிடும் போலிருக்கு” என்றாராம். அப்போது ரொம்பச் சத்தம் போட்டது ரேடியோதானாம். ஞாயிற்றுக்கிழமை டீச்சர் இறந்துவிட்டார். திங்கட்கிழமை கட்டை டீச்சரே வந்து, தலைக்குள்ளே வெடித்துவிட்டது என்று சொன்னார். அன்றைக்கு இடைவேளையில் பிள்ளைகள் கூடிப் பேசி, இனிமேல் யாரும் சத்தம் போடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டார்கள். பெரியவர்களிடம் சொல்லக் கூடாது, சொன்னால் போலீஸ் வரும் என்றும் முடிவாயிற்று.

தலை வெடிக்கிறது என்று கட்டை டீச்சரே எத்தனை தடவை சொல்லியிருப்பார். ஊரில் சொல்லாதவர்கள் யார். அது வெறும் பேச்சு என்று பெரியவர்களுக்குத் தெரியும். எட்டு வயதுக்கு அது பேச்சு அல்ல. டீச்சர் சொன்னார், அப்படியே நடந்தது, அப்படித்தான் நடந்தது என்று இவரும் வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போனார். உங்கள் தப்பு இல்லை என்று அவர் சொன்னது முதலில். வெடித்துவிட்டது என்று சொன்னது கடைசியில். பிள்ளைகள் கடைசியைப் பிடித்துக்கொண்டார்கள்.

ரேடியோவிடம் அங்கேயே, அப்படி இல்லை, சத்தத்தால் யாருக்கும் தலை வெடிக்காது என்று சொன்னார். அவள் மரியாதையாகத் தலையாட்டினாள். எழுந்தவள் நாற்காலியை இழுக்காமல் தூக்கித்தான் உள்ளே வைத்தாள்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அக்கா முழுவதையும் கேட்டார். பிறகு, “உண்மையைச் சொல்றதோட உன் வேலை முடிஞ்சிடுதுன்னு நினைக்கிறே. அது எந்தக் காதுல எப்படி விழுந்ததுன்னு நீ திரும்பிப் பார்க்கலை,” என்றார். தங்கைக்கு ஒரு கணம் சுருக்கென்றது. பொய்க்கடிதம் எழுதிய கை இதைச் சொல்கிறதா என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அக்கா சொன்னது சரி என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இறந்துபோன டீச்சரின் கணவர் பிளம்பர். ஹார்டுவேர் கடைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. மனைவியின் நோயைப் பற்றி வகுப்பில் பேச அவர் அனுமதி வேண்டும் என்பதற்காகத்தான் கட்டை டீச்சர் அங்கே போனார். கூடத்து நாற்காலியில் பாதி மடித்த துணிகள் அப்படியே கிடந்தன. ஒரு சட்டையின் ஒரு கை மடிந்தும் மறு கை தொங்கிக்கொண்டும் இருந்தது. மேலே மெல்லிய தூசி. இருந்த ஒரே நாற்காலி அதுதான். பிளம்பர் அவரைக் கட்டில் விளிம்பில் உட்காரச் சொல்லிவிட்டுத் தான் தரையில் உட்கார்ந்தார்.

கட்டை டீச்சர் வந்த விஷயத்தைச் சொன்னார். தான் சொன்னதையும், தன்னால் நடந்ததையும் மறைக்காமல் சொன்னார்.

பிளம்பர் எழுந்துபோய் மருத்துவமனைத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். ரத்தக்குழாயின் சுவர் ஓரிடத்தில் பல வருடங்களாகவே மெலிந்து உப்பியிருந்திருக்கிறது, தூங்கும்போதுகூட வெடித்திருக்கலாம் என்று டாக்டர் தன்னிடம் சொன்னதாகச் சொன்னார். அவர் முன்னாலேயே கட்டை டீச்சர் அந்த டாக்டருக்குத் தொலைபேசி போட்டுக் கேட்டார். வெள்ளிக்கிழமைச் சத்தத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை மரணத்துக்கும் தொடர்பு இல்லை என்றார் டாக்டர்.

“எத்தனை பிள்ளைங்க?” என்று கேட்டார் பிளம்பர்.

“முப்பத்தி நாலு.”

“எல்லாரும் இப்படியேதான் நினைச்சுக்கிட்டிருக்காங்களா?”

“ஒருத்திதான் சொன்னா. ஆனா ஒருத்தரும் சத்தம் போடலை.”

தனக்குக் கூட்டத்தில் பேச வராது என்றார் பிளம்பர். பேச வேண்டியதில்லை, அனுமதி கொடுத்தால் போதும், தானே பேசிக்கொள்வதாகக் கட்டை டீச்சர் சொன்னார். கடைசியில் பிளம்பர், “வகுப்புக்கு ஒரு குழாய்த் துண்டு கொண்டாரட்டுமா?” என்று கேட்டார்.

வியாழக்கிழமை இரண்டாவது மணியில் வகுப்பில் கூடினார்கள். புது டீச்சர் ஜன்னலோரம் நின்றார். இருபத்து நான்கு வயது, முதல் வேலை. வகுப்பு அமைதியாக இருப்பது தன் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தவருக்கு நேற்றுத்தான் விஷயம் தெரிந்திருந்தது. ராத்திரி முழுக்க அழுதிருப்பார் போல, கண் வீங்கியிருந்தது.

கட்டை டீச்சர் முதலில் மன்னிப்புக் கேட்டார். “அன்னிக்கு நான் பாதிதான் சொன்னேன். மீதியை நீங்களே கண்டுபிடிச்சுக்க விட்டுட்டேன். அது என் தப்பு,” என்றார். பெரியவர் ஒருவர் தப்பு என்று சொல்வதைப் பிள்ளைகள் எச்சரிக்கையோடு பார்த்தார்கள்.

பழைய டீச்சரின் வீட்டுக்காரர் என்று அறிமுகமான பிளம்பர், பையிலிருந்து ஓர் இரும்புக் குழாயை எடுத்தார். நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஓரங்களை அரம் போட்டு மழுக்கியிருந்தார். வெளிப்புறம் வழவழப்பாக இருந்தது. உள்ளே ஓரிடத்தில் தாள் மாதிரி மெலிந்து, நடுவே ஊசி போகிற ஓட்டை. முதல் வரிசையிலிருந்து கைமாற்றிக் கொடுக்கச் சொன்னார். முப்பத்து நான்கு பிள்ளைகளும் விரலை விட்டுத் தடவிப் பார்க்கும்வரை அவர் பேசவில்லை.

“நான் இருபத்தி மூணு வருஷமா குழாய் வேலை பாக்குறேன்,” என்றார் பிறகு. “வெடிச்ச குழாய் எத்தனையோ பார்த்திருக்கேன். சத்தத்தால ஒரு குழாய்கூட வெடிச்சதில்லை. உள்ள ஒரு இடம் மெலிஞ்சுக்கிட்டே வரும். ஒரு நாள் போயிடும். அப்ப வீட்டுல பாடிக்கிட்டும் இருப்பாங்க, தூங்கிக்கிட்டும் இருப்பாங்க. குழாய்க்குக் காது கிடையாது. உங்க டீச்சர் தலைக்குள்ள இருந்த குழாயும் அப்படித்தான்.”

ரேடியோ கையைத் தூக்கினாள். இத்தனை வாரத்தில் அந்த வகுப்பில் அவள் குரல் கேட்டது அப்போதுதான்.

“நீங்கதான் பிளம்பர் ஆச்சே. உங்களுக்கு முன்னாடியே தெரியலையா?”

தலைமையாசிரியை இருந்திருந்தால் அதட்டியிருப்பார். கட்டை டீச்சர் தடுக்கவில்லை. பிளம்பர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார்.

“வெளியில இருந்து பார்த்தா தெரியாதும்மா,” என்றார். “நான் தினமும் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். தெரியலை.”

பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை, குழாய்க்கு நிஜமாகவே காது கேட்காதா என்று கேட்டது. பிளம்பர் பையிலிருந்து இன்னொரு முழுக் குழாயை எடுத்து மேசைமேல் நிறுத்தி, வேண்டுமானால் கத்திப் பாருங்கள் என்றார். யாரும் கத்தவில்லை. எல்லோரும் புது டீச்சரைப் பார்த்தார்கள். பிளம்பர் தானே குனிந்து, குழாயைப் பார்த்து “ஏய்” என்று ஒரு குரல் கொடுத்தார். இரண்டாவது வரிசையில் ஒரு பெண் பூனைக்குட்டி மாதிரி “ஏய்” என்றாள். பக்கத்துப் பிள்ளை கொஞ்சம் பெரிதாக. அப்புறம் யார் முதலில், யார் பின்னால் என்று சொல்ல முடியாது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சிலர் கத்திக்கொண்டே அழுதார்கள், சிலர் மேசையைக் குத்தினார்கள். கீழ்த்தளத்திலிருந்து தலைமையாசிரியை மூச்சு வாங்க ஓடிவந்தார். கட்டை டீச்சர் வாசலில் குறுக்கே நின்று, விடுங்கள் என்று கையால் காட்டினார்.

ரேடியோ மட்டும் கத்தவில்லை. அவள் புது டீச்சரின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் தானாக ஓய்ந்ததும் எழுந்து அவரிடம் போனாள்.

“தலை வலிக்குதா டீச்சர்?”

புது டீச்சர் முட்டி போட்டு அவள் உயரத்துக்கு வந்தார். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். கட்டை டீச்சரை ஒரு தடவை பார்த்துவிட்டு மாற்றிக்கொண்டார்.

“கொஞ்சம் வலிக்குது. ஆனா வெடிக்காது.”

ரேடியோ அதை யோசித்துப் பார்த்தாள். பிறகு தன் இடத்துக்குப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாற்காலிக் கால் தரையில் கிறீச்சிட்டது.

கட்டை டீச்சர் பிளம்பரை வழியனுப்ப நடைபாதைவரை போனார். சுவரில் பிள்ளைகளின் பைகள் தொங்கும் ஆணிகளுக்குக் கீழே பிளம்பர் நின்றுவிட்டார்.

“அன்னிக்குக் காலைல எனக்கும் அவளுக்கும் சண்டை. ஒண்ணுமில்லாத சண்டை. என்கிட்டயும் அதையேதான் சொன்னா. உங்களோட பேசினா என் தலை வெடிச்சிடும்னு.”

டாக்டர் சொன்னதைக் கட்டை டீச்சர் மறுபடி சொன்னார்.

“தெரியும்,” என்றார் பிளம்பர். “இப்பதானே நானே அந்தப் பிள்ளைங்களுக்குச் சொன்னேன்.”

ஏதாவது சொல்லிச் சமாளிக்கக் கட்டை டீச்சர் முயலவில்லை. மணி அடித்து, பிள்ளைகள் இடித்துக்கொண்டு போகும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள். பெரியவர்களின் மனக்கஷ்டத்தைப் பார்க்கிற ஓர் உளவியலாளரின் பெயரையும் எண்ணையும் கட்டை டீச்சர் எழுதிக் கொடுத்தார். பிளம்பர் அங்கே இரண்டு முறை போனார் என்றும் பிறகு போகவில்லை என்றும் பின்னால் கேள்விப்பட்டார். தானே பிளம்பர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துப் பேசினார். துணி நாற்காலியில் அப்படியேதான் இருந்தது.

அந்த வகுப்பு ஒரே நாளில் மாறிவிடவில்லை. இந்த முறை கட்டை டீச்சர் ஒரு வியாழன்கூடத் தவறாமல் போனார். சில பிள்ளைகள் ஒரு வாரத்தில் பழையபடி ஆனார்கள். ஒரு பிள்ளை வருடக் கடைசிவரை புது டீச்சருக்குத் தலைவலி உண்டா என்று தினம் காலையில் கேட்டுக்கொண்டிருந்தது. அவரும் தினம் பொறுமையாகப் பதில் சொன்னார். ரேடியோவின் படிவத்தில் கட்டை டீச்சர் மதிப்பெண் எதுவும் போடவில்லை. சோதனை நிறுத்தப்பட்டது, தேவைப்படவில்லை என்று எழுதி, காரணத்தையும் எழுதினார்.

பிறகு மற்ற மாவட்ட உளவியலாளர்களுக்கு ஒரு குறிப்பு எழுதினார். மரணத்தைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் அடுத்த வாரம் கட்டாயம் திரும்பிப் போக வேண்டும், போய் எதுவும் சொல்லாமல், அன்றைக்கு நான் என்ன சொன்னேன் என்று அவர்களையே சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று. தவறியது தான்தான் என்றும் அதில் இருந்தது. மேலதிகாரி கூப்பிட்டு, குறிப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த வரியை எடுத்துவிட்டு ‘ஒரு பள்ளியில் நேர்ந்தது’ என்று போட்டால் போதுமே என்றார். உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றார்.

அவர் எடுக்கவில்லை. அந்தக் குறிப்பின் பிரதியை வீட்டில் அக்காவிடம் படிக்கக் கொடுத்தார். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தார். முடித்ததும் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “அந்த ரெண்டு கடிதத்தையும் நான் எழுதியிருக்கக் கூடாது,” என்றார்.

நாற்பது வருடத்தில் முதல் தடவை. தங்கை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“அதுல என்ன எழுதியிருந்தேன்னு ஞாபகம் இருக்கா?” என்று கேட்டார் அக்கா.

இருக்கிறது என்றார் தங்கை. முதல் வரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.